கழுத்திலிருந்து வரும் தலைவலிக்குக் கையால் செய்யும் பிசியோதெரபி உதவுமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அம்மாவுக்கு 48 வயது. இருபது வருடத்துக்கு மேலாகத் தேயிலை பறிக்கிறார். ஒரு வருடமாக வலது பக்கப் பிடரியில் வலி தொடங்கி, தலையின் அதே பக்கமாக ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. தலையைக் குனிந்தே வைத்திருந்த நாளில் அது அதிகமாகிறது. கண் டாக்டரிடம் காட்டியாயிற்று, கண்ணில் குறையில்லை. தலை ஸ்கேனும் சரியாக இருக்கிறது. கழுத்து எக்ஸ்ரேயில் மட்டும் 'தேய்மானம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாரத்தில் நாலைந்து நாள் மாத்திரை ஓடுகிறது. ஒருவர் கழுத்துப் பட்டை போடச் சொல்கிறார். இன்னொருவர், சுளுக்கு எடுப்பவரிடம் போய் ஒரு சொடுக்குப் போட்டால் தீர்ந்தது என்கிறார். கையால் செய்யும் பிசியோதெரபி உதவுமா, சொடுக்கலாமா, அம்மா தோட்ட வேலையை விட்டுவிட வேண்டுமா? இவைதான் அவர் கேட்பவை.

குன்னூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். இந்த மாதிரித் தலைவலியோடு மலையின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலி கழுத்திலிருந்துதான் வருகிறது என்று உறுதியானால், கைச் சிகிச்சை நன்றாகவே உதவும். ஆனால் கை விடுவித்துக் கொடுக்கும் அசைவை அந்தக் கழுத்தின் சொந்தத் தசைகள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பயிற்சி கட்டாயம். சொடுக்கு வேண்டாம். வேலையை விடவும் வேண்டாம், சுமக்கும் விதத்தை மாற்றினால் போதும். இனி ஒவ்வொன்றாக.

கழுத்தில் கோளாறு இருந்தால் கழுத்து வலிக்க வேண்டும், கண் ஏன் வலிக்கிறது? மண்டையோட்டுக்கு நேர் கீழே இருக்கும் முதல் மூன்று கழுத்து எலும்புகளின் மூட்டுகள், அவற்றைச் சுற்றிய தசைகள், தசைநார்கள் எல்லாவற்றின் உணர்வையும் கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் எடுத்துப் போகின்றன. நெற்றி, கண்சுற்று, முகம் இவற்றின் உணர்வை எடுத்துப் போவது ஐந்தாம் மூளை நரம்பு. இந்த இரண்டு வழிகளும் தண்டுவடத்தின் மேல்முனையில் ஒரே நரம்பணுக் கூட்டத்தில் வந்து முடிகின்றன. இரண்டு ஹட்டிகளிலிருந்து, அதாவது மலைக் கிராமங்களிலிருந்து, இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் ஒரே பஸ் ஸ்டாப்பில் சேர்வதுபோல. அங்கே ஏறுகிறவர் எந்த ஹட்டியிலிருந்து வந்தார் என்று கண்டக்டருக்குத் தெரியாது. கழுத்திலிருந்து வந்த வலியை மூளை, கண்ணிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்கிறது. அம்மா கண் வலிக்கிறது என்று சொல்வதில் பொய் எதுவும் இல்லை. வலி அங்கேதான் இருக்கிறது, அதற்கான காரணம்தான் பிடரியில் இருக்கிறது.

இதைத் தனி வகைத் தலைவலியாகப் பெயரிட்டு 1983-இல் விவரித்தவர் நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஸ்யோஸ்டாட். அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளில் அதிகமாக மாட்டியது இரண்டாவது, மூன்றாவது கழுத்து எலும்புகளுக்கு இடையிலான சிறு மூட்டு. அதற்கு அடுத்தபடியாக முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான மூட்டைச் சொல்லலாம். நாம் தலையை இடம் வலமாகத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு மூட்டில் மட்டுமே நடக்கிறது. அங்கே இறுக்கம் வந்தால், திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மற்ற மூட்டுகளின் மேல் பாரம் ஏறும்.

சரி, அம்மாவின் வலி இந்த வகைதானா? நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் இந்தப் பக்கம் கை காட்டுகின்றன. வலி எப்போதும் ஒரே பக்கம் இருக்கிறது, பக்கம் மாறுவதில்லை. கழுத்தில் தொடங்கி முன்னால் வருகிறது. தலையைக் குனிந்தே வைத்திருந்த நாளில் அதிகமாகிறது. இதோடு, வலிக்கும் பக்கம் கழுத்தைத் திருப்புவது குறைந்திருந்து, பிடரியில் ஓர் இடத்தை அழுத்தினால் அதே தலைவலி கிளம்பினால், சந்தேகம் வலுக்கிறது. ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்லும் மைக்ரேன் வேறு மாதிரி வரும். விண் விண்ணென்று துடிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, நடந்தாலே கூடும், ஒரு நாள் ஆட்டிவைத்துவிட்டுப் போகும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மைக்ரேன் வரும்போதும் பலருக்குக் கழுத்து வலிக்கும், இறுகும். கழுத்து வலிக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மைக்ரேன்காரரைப் படுக்கவைத்துக் கழுத்தை மாதக்கணக்கில் அமுக்கினால் அவருக்குப் பணமும் நாளும்தான் வீண். அவருக்குத் தேவை டாக்டர் எழுதித் தரும் மருந்து. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

பிரித்துப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை இரண்டு கையாலும் தாங்கி, முகவாய் மார்பை நோக்கிப் போகிற அளவுக்குக் கழுத்தை முழுதாக முன்பக்கம் மடக்க வேண்டும். அப்படி மடக்கியபடியே தலையை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும். கழுத்து முழுதாக மடங்கியிருக்கும்போது கீழ் மூட்டுகள் பூட்டிக்கொள்ளும். ஆகவே மீதமிருக்கும் திருப்பம் பெரும்பாலும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான். நல்ல கழுத்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 44 பாகை திரும்பும். ஒரு பக்கம் 32 பாகைக்குக் கீழே நின்றுவிட்டால், அந்த மூட்டில் குறை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சில நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனையின் அருமை, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதையே அளந்து பார்க்கலாம் என்பதில் இருக்கிறது. வீட்டில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம், தெரிந்த கை செய்யட்டும்.

எக்ஸ்ரேயில் வந்த தேய்மானத்தைப் பற்றி அம்மா பயப்பட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களில், கழுத்தில் ஒரு நாளும் வலி வராதவர்களை எக்ஸ்ரே எடுத்தாலும் பலருக்கு அதே சொல்தான் எழுதப்படும். நரை மாதிரி அது வயதோடு வருவது. அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு, 'எலும்பே தேய்ந்துபோச்சாம், இனி அவ்வளவுதான்' என்று கழுத்தை அசைக்கவே அஞ்சி மரக்கட்டைபோல வைத்துக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். தேய்மானம் செய்யும் கெடுதலைவிட அந்த அச்சம் செய்யும் கெடுதல் அதிகம். கழுத்துப் பட்டைக்கும் இதே பதில்தான். அடிபட்ட கழுத்துக்கு டாக்டர் சொல்லிப் போடுவது வேறு. இந்தத் தலைவலிக்கு வாரக்கணக்கில் பட்டை போட்டால் தசை இன்னும் சோம்பும், மூட்டு இன்னும் இறுகும்.

கழுத்தில் யாரும் கை வைப்பதற்கு முன் கேட்டே ஆக வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. வாழ்க்கையில் இதுவரை வராத கடுமையில், இடி விழுந்ததுபோலச் சட்டென்று வந்த தலைவலியா? காய்ச்சலோடு கழுத்து விறைத்திருக்கிறதா? இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, விழுங்கக் கஷ்டப்படுவது, முகமோ கை காலோ மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, திடீரென்று கீழே விழுவது இவற்றில் ஏதாவது உண்டா? இருந்தால் பிசியோதெரபி பற்றிய பேச்சே வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கி, நெற்றிப் பொட்டு தொட்டாலே வலித்து, மெல்லும்போது தாடை நொந்தால், அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் கண் பார்வையே போகக்கூடும். முடக்குவாதம் என்ற மூட்டழற்சி நோய் நெடுநாளாக இருப்பவர்களுக்கு முதல் இரண்டு கழுத்து எலும்புகளைக் கட்டியிருக்கும் தசைநார் தளர்ந்துபோயிருக்கலாம், அவர்கள் கழுத்தில் டாக்டர் பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. அண்மையில் மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், எலும்பு மெலிந்தவர்கள் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மலையில் இருப்பவர்களிடம் நான் கூடுதலாக ஒன்று கேட்பேன். இரவில் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறீர்களா? காலையில் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தலை கனத்துக் குமட்டுகிறதா? அப்படியென்றால் அது கழுத்து இல்லை, கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. அதற்கு வாசனை கிடையாது, கண் எரியாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். தணல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மூடிய அறைக்குள் வேண்டாம். அம்மாவுக்குக் காலையில் மட்டும்தான் தலைவலி அதிகம் என்றால், தயவுசெய்து இதை முதலில் பாருங்கள்.

இவையெல்லாம் இல்லை, கழுத்துதான் காரணம் என்று ஆனபிறகு கைக்கு வருவோம்.

பெரும்பாலும் நான் முதலில் தொடுவது மண்டையோட்டுக்கும் முதல் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே, ஒவ்வொரு பக்கமும் நான்காக இருக்கும் குட்டித் தசைகளை. தலை எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் உணர்விகள் இவற்றில் மிக நெருக்கமாக இருக்கின்றன. இவை இறுகிக் கிடந்தால் வலியோடு ஒரு லேசான கிறுகிறுப்பும் சிலருக்கு வருவது அதனால்தான். மல்லாக்கப் படுக்கவைத்துத் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கை விரல் நுனிகளையும் பின்மண்டை விளிம்புக்குக் கீழே ஊன்றி, தலையின் பாரம் முழுவதையும் விரல்களின் மேல் விட்டுவிடச் சொல்வோம். தேய்ப்பதும் இல்லை, பிசைவதும் இல்லை. இரண்டு மூன்று நிமிடம் அப்படியே வைத்திருந்தால் தசை கொஞ்சம் கொஞ்சமாக இளகி விரல் உள்ளே அமிழ்வதை உணரலாம். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே செய்யாததுபோல இருக்கும். 'அழுத்தி விடுங்கம்மா, வலிச்சாத்தானே விடும்' என்பார்கள். அந்த நம்பிக்கை தவறு. பொறுக்க முடியாத அழுத்தத்துக்குத் தசை எதிர்த்து இன்னும் இறுகிக்கொள்ளும்.

அடுத்தது மூட்டு. அதைக் கையால் மெல்ல அசைத்துத் தளர்த்துவதைத்தான் மொபிலைசேஷன் என்கிறோம். ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் வகுத்த முறையில் அசைவை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். முதல் இரண்டு படிகளில் மூட்டின் தடையைத் தொடாமலே மெல்ல ஆட்டுவது, வலியைத் தணிப்பதற்கு. மூன்றும் நான்கும் தடை வரைக்கும் போய் அதை நகர்த்துவது, இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு. குப்புறப் படுத்து நெற்றியைக் கை மேல் வைத்திருக்க, இரண்டாம் மூன்றாம் எலும்பின் வலது மூட்டின் மேல் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து, ஒரே தாளத்தில் முன்னோக்கி அழுத்தி அழுத்தி விடுவோம். சரியான மூட்டைத் தொட்டால், 'இதுதான், இதேதான், கண்ணுக்கு வருது' என்று அவர்களே சொல்வார்கள். அந்த வலி அழுத்திக்கொண்டிருக்கும்போதே படிப்படியாகக் குறைய வேண்டும். குறையாமல் ஏறிக்கொண்டே போனால் கையை எடுத்துவிட வேண்டும், படியைக் குறைக்க வேண்டும், அல்லது நாம் தொட்டது தவறான இடம்.

மூன்றாவதாக, நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் கொண்டுவந்த முறை. இதில் நோயாளி உட்கார்ந்தபடியே இருப்பார். மூட்டை நாம் ஒரு திசையில் தள்ளிப் பிடித்திருக்க, அவர் தானே கழுத்தைத் திருப்புவார். திசையும் அளவும் சரியாக அமைந்தால், இவ்வளவு நாள் வலித்த திருப்பம் அந்த நிமிடமே வலியில்லாமல் முழுதாகப் போகும். வலித்தால் அந்தத் திசை சரியில்லை, வலியோடு தொடரவே கூடாது என்பதுதான் இந்த முறையின் முதல் விதி. என் அனுபவத்தில் திருப்பம் குறைந்த கழுத்துக்கு இதுபோல வேகமாகப் பலன் தருவது வேறில்லை.

இதிலேயே வீட்டில் தானாகச் செய்துகொள்ளும் வடிவம் ஒன்று உண்டு, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது பெரிய வரம். ஒரு மெல்லிய துண்டின் ஓரத்தைப் பின்மண்டைக்குச் சற்றுக் கீழே, முதல் எலும்பின் மட்டத்தில் வைக்க வேண்டும். வலது பக்கம் திரும்பக் கஷ்டம் என்றால், கழுத்தின் இடது பக்கமாக வரும் நுனியை வலது கை பிடித்துக் கன்னத்தை ஒட்டி முன்பக்கமாக மெதுவாக இழுக்கும். மற்ற நுனியை இடது கை மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கும். இழுத்தபடியே தலையை வலது பக்கம் திருப்பி, கடைசியில் இரண்டு மூன்று விநாடி நிறுத்தித் திரும்ப வேண்டும். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை போதும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் 32 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இதையும் மற்றதற்குப் பாவனையாக ஒன்றையும் கற்றுக்கொடுத்தார்கள். இதைச் செய்தவர்களுக்கு நான்கு வாரத்திலும், ஒரு வருடம் கழித்தும் தலைவலி குறைவாகவே இருந்தது. ஒன்றை மறக்க வேண்டாம். துண்டு வைக்க வேண்டிய மட்டத்தையும் இழுக்கும் திசையையும் ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் காட்டித் தந்த பிறகுதான் செய்ய வேண்டும். ஒரு விரல் கீழே போனாலும் வேறு மூட்டைத்தான் இழுத்துக்கொண்டிருப்போம்.

இவை தவிர, காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் நீளத் தசையையும் தோள்மேட்டுத் தசையையும் பார்ப்பதுண்டு. இவற்றில் இருக்கும் முடிச்சுகளும் நெற்றிக்கும் பொட்டுக்கும் வலியை அனுப்பும். முன் கழுத்துத் தசையை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளிப் பிடித்துத் தளர்த்தலாம், கட்டைவிரலால் உள்நோக்கி அழுத்தக் கூடாது. அதன் அடியில்தான் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. வீட்டில் நீலகிரித் தைலம் தேய்த்துவிடும்போதும் இந்த இடத்தை விட்டுவிடுங்கள். தைலத்தால் கெடுதல் இல்லை, சூடும் வாசனையும் கொஞ்ச நேரம் வலியை மறக்கடிக்கும், மூட்டு வரைக்கும் அது போகாது. குளிரில் தோளைத் தூக்கிக் கூனியே நிற்கும் நம் ஊர் ஆட்களுக்கு மேல்முதுகும் கல்லாக இருக்கும். அதையும் சேர்த்துத் தளர்த்தினால்தான் கழுத்து நிமிரும்.

இப்போது சொடுக்கு. 'டக்'கென்று சத்தம் வரும்படி ஒரே வீச்சில் திருப்புவதை நாங்களும் மேனிபுலேஷன் என்று படிக்கிறோம். பயிற்சி பெற்றவர்கள், சோதித்துப் பார்த்துச் செய்வது உலகெங்கும் உண்டு. சிலருக்குப் பலனும் கிடைக்கிறது. ஆனால் மேல் கழுத்தில் நான் அதைச் செய்வதில்லை. காரணம், கழுத்தெலும்புகளின் பக்கத்துத் துளைகள் வழியாக ஏறி, முதல் எலும்பின் மேல் வளைந்து மூளைக்குள் போகும் முதுகெலும்புத் தமனி. தலையை வேகமாகத் திருப்பும்போது அந்த வளைவு இழுபடுகிறது. அதன் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனாலும் மெதுவான முறைகளிலேயே பலன் கிடைக்கும்போது அந்த அரிதை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே அந்தத் தமனி கொஞ்சம் கிழிந்திருப்பவருக்கு முதலில் தெரிவதே கழுத்து வலியும் தலைவலியும்தான். சுளுக்கு என்று நினைத்து அவர் நேராகச் சொடுக்கு எடுக்கும் இடத்துக்குத்தான் போவார். சலூன் நாற்காலியில் முடிவெட்டிய கையோடு கழுத்தைப் பிடித்துத் திருப்புவதற்கு யாரும் தலையைக் கொடுக்க வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சத்தம் மூட்டுக்குள் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். எலும்பு இடத்துக்கு வந்து உட்கார்ந்த சத்தம் அது இல்லை.

கையால் கிடைக்கும் நிம்மதி முதலில் ஓரிரு நாள்தான் நிற்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், 'செஞ்சப்ப நல்லா இருந்துச்சு, மறுபடி வந்துருச்சு' என்று மனம் விட்டுவிடுவார்கள். நிலைக்கவைப்பது கழுத்தின் முன்பக்கம், எலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் தசைகள். இந்தத் தலைவலிக்காரர்களில் பலருக்கு அவை சோர்ந்துபோயிருக்கும். அவற்றின் வேலையை வெளித்தசைகள் இழுத்துப் போட்டுச் செய்து களைத்திருக்கும்.

பயிற்சி மிக எளிது, அதனாலேயே யாரும் சரியாகச் செய்வதில்லை. மல்லாக்கப் படுத்து, தலையைத் தூக்காமல், 'ஆமாம்' என்று சொல்வதுபோல முகவாயை மெல்ல உள்ளே இறக்க வேண்டும். அவ்வளவு சிறிய அசைவுதான். பத்து விநாடி அப்படியே வைத்திருந்து, மூச்சை அடக்காமல், பிறகு விட வேண்டும். பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. செய்யும்போது ஒரு கையைத் தொண்டையின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். அங்கே கயிறுபோலத் தசை விறைத்தால், அதிகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். எங்களிடம் காற்றுப்பை ஒன்று இருக்கிறது. கழுத்துக்கு அடியில் வைத்து 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தொடங்கி, இரண்டிரண்டாக 30 வரைக்கும் ஏற்றிப் பிடிக்கச் சொல்வோம். தொடக்கத்தில் 22-ஐயோ 24-ஐயோ பிடித்து வைக்கவே பலர் திணறுவார்கள். இதோடு தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் கீழ்நோக்கி இழுத்து நிறுத்தும் பயிற்சியும் வேண்டும்.

கையா, பயிற்சியா என்று கேட்டால், 2002-இல் ஆஸ்திரேலியாவின் குவென்டொலின் ஜல் குழுவினர் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். கழுத்திலிருந்து வரும் தலைவலி இருந்த 200 பேரை நான்காகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கைச் சிகிச்சை, ஒரு குழுவுக்குப் பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும், கடைசிக் குழுவுக்கு இரண்டும் இல்லை. சிகிச்சை ஆறு வாரம், பிறகு ஒரு வருடம் வரை பார்த்தார்கள். தனித்தனியாகக் கையும் உதவியது, பயிற்சியும் உதவியது, பலன் ஒரு வருடத்திலும் நின்றது. இரண்டும் சேர்த்துச் செய்தவர்களில் நல்ல பலன் கண்டவர்கள் சுமார் பத்து சதவீதம் அதிகம். நான் இரண்டையும் சேர்த்தே செய்கிறேன், காரணம் வேறு. இறுகிய மூட்டோடு பயிற்சி செய்யச் சொன்னால் வலிக்கிறது, மூன்றாம் நாள் விட்டுவிடுகிறார்கள். முதலில் கை தளர்த்திக் கொடுத்தால் பயிற்சி கைகூடுகிறது.

ஆறு வாரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை என்பது நியாயமான கணக்கு. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை வந்துவிட்டால், பிறகு இடைவெளியை நீட்டலாம். சிகிச்சைக்கு மறுநாள் கழுத்து லேசாக நோவது சகஜம். இரண்டு நாளைத் தாண்டித் தலைவலியே கூடினால் சொல்ல வேண்டும். நான்கைந்து முறை முடிந்தும் திருப்பமும் கூடவில்லை, தலைவலி நாட்களும் குறையவில்லை என்றால், அதே சிகிச்சையைத் தொடர்ந்து செய்கிறவரிடம் தொடர்ந்து போகாதீர்கள். திரும்ப டாக்டரைப் பார்த்து, வேறு வகைத் தலைவலியா என்று யோசிக்க வேண்டும். மூட்டு நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்க்கும் வழிகளும் பெரிய ஊர்களில் இருக்கின்றன. ஒரு பிசியோதெரபிஸ்ட் உங்கள் அம்மாவின் கழுத்தை அளக்காமல், கேள்வி எதுவும் கேட்காமல், நேராக மின்சார மெஷினை ஒட்டிவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்து கழற்றினால், அது நான் இவ்வளவு நேரம் சொன்ன சிகிச்சை இல்லை.

மாத்திரை விஷயம் அவசரமானது. வாரத்தில் நாலைந்து நாள் என்றால் மாதத்தில் பதினாறு முதல் இருபது நாள். சாதாரண பாராசிட்டமால் மாத்திரையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போனால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரைகளுக்கு 10 நாளே அந்த எல்லை. அம்மா ஏற்கெனவே அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறார். அந்த நிலையில் எவ்வளவு நல்ல கையும் முழுப் பலன் தராது. என்ன மாத்திரை, எத்தனை என்று ஒரு காலண்டரில் குறித்து, தலைவலி வந்த நாளையும் அதிலேயே வட்டமிட்டு, டாக்டரிடம் காட்டி அவர் சொல்லும் விதத்தில் குறையுங்கள். குறைக்கும்போது முதல் ஓரிரு வாரம் வலி கூடும் என்பது அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிகிச்சை கெடுத்துவிட்டது என்று நினைத்துவிடுவார்.

கடைசியாக வேலை. கொழுந்து பறிக்கும்போது முதுகும் தலையும் முன்னால் சாய்ந்திருக்க, கண் மட்டும் சரிவின் மேல்பக்கத்தைப் பார்க்கும். அதற்காக மேல் கழுத்து பின்னால் மடங்கி நிற்கும். அந்த மடிப்பில்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் மூட்டுகள் நசுங்குகின்றன. கத்தரியால் வெட்டுகிறவர் என்றால் கையில் பாரமும் சேரும், தோள் காதுக்கு ஏறும். பிறகு நிறைந்த மூட்டையைத் தலையில் வைத்து எடை போடும் இடத்துக்கு நடை. மாலையில் விறகுக் கட்டும் தலையில்தான் ஏறுகிறது என்றால் சொல்லவே வேண்டாம். நான் முதலில் கேட்பது, சிகிச்சை நடக்கும் முதல் மூன்று நான்கு வாரமாவது தலைச்சுமை வேண்டாம் என்பதைத்தான். முடியாது என்றால் ஒரே நடையாகச் சுமப்பதை இரண்டு நடையாக்குங்கள், சும்மாட்டை உச்சியின் நடுவில் வையுங்கள், சுமையைத் தூக்கிவைக்க ஆள் துணை கேளுங்கள். பெரும்பாலும் கழுத்து கெடுவது, தனியாக மூட்டையை எக்கித் தலையில் ஏற்றும் அந்த வெட்டில்தான். பையின் பட்டையை நெற்றியில் மாட்டாமல் இரண்டு தோளிலும் மாட்டலாம். வரிசையில் ஒவ்வொரு முறை பை நிறையும்போதும், நிமிர்ந்து நின்று, முகவாயை உள்ளே இழுத்து, தோளைப் பின்னால் சுழற்றி, ஐந்து மூச்சு. அதற்கு மேஸ்திரியிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தால், நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அம்மாக்கள் தங்களுக்காகக் கேட்கத் தயங்குவார்கள்.

காலையில் பனியில் இறங்கும் முன் கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டட்டும், இரவில் பிடரிக்கும் மேல்முதுகுக்கும் கால் மணி நேரம் வெந்நீர்ப் பை வைத்துவிட்டு அந்த 'ஆமாம்' பயிற்சியைச் செய்யட்டும். குப்புறப் படுக்கும் பழக்கம் இருந்தால் விட வேண்டும், இரவு முழுக்கக் கழுத்து ஒரே பக்கம் முறுகிக் கிடக்கும். தலையணை ஒன்று போதும், தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அது நிரப்ப வேண்டும். சிகிச்சை முடிந்து குன்னூரிலிருந்து பஸ் ஏறும்போது பின் சீட்டு வேண்டாம். வளைவுகளில் வீசி அடிக்கும், பத்து நிமிடம் முன்னால் தளர்த்திய தசை அங்கேயே மறுபடி இறுகிவிடும். முன் பாதியில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்க வேண்டாம். முதல் முறை வரும்போது நீங்களும் கூட வாருங்கள், துண்டு வைக்கும் மட்டத்தை உங்கள் கையிலும் காட்டித் தருவார்கள். அம்மாவுக்குத் தன் பிடரியைத் தானே பார்க்க முடியாது, முதல் வாரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.